யாழ்ப்பாணத்தில் கள்ளு, வெறி, முனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவில் ஊருக்கு வருகிற பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்து கல்யாண வீட்டில் எங்கள் பேச்சு விளங்காமல் முழிக்கிற நண்பர்களும் கேட்கிற கேள்விகள் இவை. ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டுத் தொடங்குவார்கள். பேய்க்கதையில் வந்து நிற்கும். சொல்லும் பேயும் பனையடியிலேயே பிறந்தவை என்பதால், மரத்தில் நடக்கிற தொழிலையும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

“அவர் நல்ல வெறி” என்றால் கோபமாக இருக்கிறார் என்றா அர்த்தம்?

இல்லை. யாழ்ப்பாணத்தில் வெறி என்றால் குடிபோதை. “வெறியிலை வந்து சத்தம் போட்டவர்” என்றால் குடித்துவிட்டு வந்து கத்தினார் என்று பொருள். எல்லை கடந்தால் நிறைவெறி. போதை தெளிவது வெறி முறிவது. எந்நேரமும் குடிக்கிறவர் வெறிக்குட்டி. வீட்டாளர் ஆற்றாமையில் சொல்லும் சொல் அது, முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான்.

இது பழைய சொல். சங்க காலத்தில் முருகன் ஏறி வேலன் ஆடிய ஆட்டத்துக்கு வெறியாட்டு என்று பெயர். கள்ளுக்கும் வெறி என்ற பெயர் உண்டு. தெய்வம் ஏறுவதும் கள்ளு ஏறுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பொருளை யாழ்ப்பாணம் இன்னும் கைவிடவில்லை. குடித்துவிட்டு ஆடுகிறவரைப் பார்த்து “சன்னதம் வந்திட்டுது” (சாமி ஏறிவிட்டது) என்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

தவறணை, முட்டி, பிளா, உடன்கள்ளு: இவை என்ன?

தவறணை கள்ளு விற்கும் இடம். போர்த்துக்கேயரின் தவெர்ணா இங்கே வந்து தவறணை ஆயிற்று. முட்டி என்பது மரத்தில் கட்டும் சிறு மண்பானை. பிளா பனையோலையில் கோலும் குடிகலம். உடன்கள்ளு அன்று இறக்கி உடனே வந்தது. இனிப்பும் புளிப்பும் கலந்திருக்கும். அது நேரம் போனால் புளிச்ச கள்ளு. அடியில் தங்குவது மண்டி.

பதம் சொல்லும் சொற்களும் உண்டு. “போட்டுட்டு வந்திட்டார்” என்றால் கொஞ்சம் குடித்திருக்கிறார். “தளம்புறார்” என்றால் நடை சரியில்லை. நிறைந்த குடத்தில் தண்ணீர் தளம்புகிறமாதிரி. சத்தி எடுப்பது வாந்தி எடுப்பது. அடுத்த நாள் வருவது தலையிடி.

சாராயத்தின் அளவுகள் வேறு. போத்தல் 750 மில்லிலீற்றர், அரை 375, கால் 180. “ஒரு கால் எடு” என்றால் கால் போத்தல்.

பிளா எப்படிக் கோலுவது?

வடலியின் (இளம் பனையின்) இளம் ஓலை வேண்டும். முற்றிய ஓலை மடிக்கும் இடத்தில் வெடிக்கும். காவோலை (காய்ந்த ஓலை) அறவே உதவாது. விரியாத குருத்தும் சரிவராது, அது வளைந்து சோர்ந்து விடும். குருத்துக்கு அடுத்ததாக விரிந்த ஓலையே பதம்.

ஓலையின் ஒரு துண்டை, மடிப்புகள் பிரியாமல் இரண்டு கை அகலத்துக்கு வெட்டி, துடைத்துக்கொள்ளுங்கள். நடுவைத் தாழ்த்தி ஓரங்களை மேலே உயர்த்தினால் தோணிபோல வரும். இரண்டு அந்தங்களையும் கூட்டிப் பிடித்து, ஓலையிலேயே கிழித்த நாரால் இறுக்கிக் கட்டுங்கள். ஒழுகினால் பெரும்பாலும் கட்டுப் பிழை இல்லை. மடிப்பு நடுவில் ஓலை கீறிப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கீறல் தெரியும், அதை எறிந்துவிட்டு வேறு எடுங்கள். குடிக்கும்போது கூர் அந்தத்தில் வாய் வைப்பதில்லை. பக்க ஓரத்தில் வாய் வைத்து, பிளாவை மெல்லச் சரிக்க வேண்டும். பச்சை ஓலையின் மணம் கள்ளோடு சேர்ந்து வரும். பிளாஸ்ரிக் கோப்பையில் அது கிடைக்காது. ஒடியல் கூழுக்கும் இதே பிளாதான்.

கள்ளு மரத்தில் எப்படி வருகிறது?

பனை பாளை போட பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது செல்லும். பாளை வரும்வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தை, மாசியில் பாளைகள் வரத் தொடங்கும். அங்கிருந்து ஆடி வரை பனங்கள்ளுக் காலம். தென்னங்கள்ளு வருடம் முழுவதும் இறக்கலாம்.

தொழிலாளி காலில் தளநார் மாட்டி, இடுப்பில் கத்திக்கூட்டோடும் முட்டியோடும் ஏறுவார். பாளையைக் கட்டி, பொல்லால் நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்துவார். தட்டுப் பலமானால் பாளை நசிந்து அழுகும். தட்டுக் காணாவிட்டால் சாறு வராது. ஒரு கிழமை அளவில் நுனியைச் சீவத் தொடங்கினால் துளி துளியாக வடியும். பிறகு காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீவல் ஒன்று எடுக்க வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைபட்டு, சாறு நின்றுவிடும்.

அதனால்தான் பாளை ஓடும் காலத்தில் இந்தத் தொழிலுக்கு நல்லநாள் பெருநாள் கிடையாது. மழையில் வழுக்கும் மரத்திலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

கருப்பநீரும் கள்ளும் ஒரே மரத்துச் சாறா?

ஒரே பாளை, ஒரே சாறு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் (தமிழ்நாட்டில் பதநீர்), பூசாவிட்டால் கள்ளு. பாளையிலும் முட்டியிலும் காற்றிலும் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) சாறு விழுந்த கணத்திலிருந்தே சீனியை மதுசாரமாக (அல்ககோலாக) மாற்றத் தொடங்கும். சுண்ணாம்பின் காரம் அதை அடக்கி வைக்கும். சுண்ணாம்பு குறைந்தால் கருப்பநீர் அரைப்புளிப்பாகி, காய்ச்சும்போது பனங்கட்டி இறுகாமல் பாகாகவே நிற்கும். கூடினால் கைப்பு வரும், நாக்கும் வெந்த மாதிரி இருக்கும்.

கள்ளு முட்டியைக் கழுவி எடுத்தாலும் முந்தின நாள் மதுவம் கொஞ்சம் ஒட்டியே இருக்கும். மரத்தால் இறங்கும்போதே கள்ளு நுரைத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் அதுதான்.

உடன்கள்ளா, புளிச்ச கள்ளா, எது கூட ஏறும்?

சாறு இறக்கின முதல் மணித்தியாலங்களில் மதுசாரம் ஏறிக்கொண்டு போகும். காலையில் இறக்கியதைப் பின்னேரம் குடித்தால் காலையைவிடக் கூட ஏறும். ஆனால் ஒரு நாள் தாண்டினால் மதுசாரம் புளிக்காடியாக மாறத் தொடங்கும். நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு, கள்ளு வினாகிரி ஆகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். “நல்லாப் புளிச்சிருக்கு, சும்மா தூக்கும்” என்கிற பேச்சை நம்ப வேண்டாம். அது வயிற்றைத்தான் தூக்கும்.

“கள்ளு மருந்து, சாராயம்தான் கூடாது” என்பது உண்மையா?

கணக்குப் பார்ப்போம். கள்ளில் சுமார் 5 வீதம் மதுசாரம் என்று வைத்தால், 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 37.5 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கும். இலங்கைச் சாராயம் பொதுவாக 33.5 வீதம். கால் போத்தலில் சுமார் 60 மில்லிலீற்றர். ஆகவே இரண்டு போத்தல் கள்ளுக் குடித்தவர் (75 மில்லிலீற்றர்) கால் போத்தல் சாராயம் குடித்தவரைவிடக் கூடக் குடித்திருக்கிறார். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு “நான் கள்ளுத்தானே குடிச்சனான்” என்று சொல்வதில் ஒரு ஞாயமும் இல்லை.

கள்ளில் மதுவத்தால் வரும் பி வகை விற்றமின்கள் கொஞ்சம் உண்டு. ஈரலுக்கு அது ஆறுதல் இல்லை. நீரிழிவுக்காரருக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை முனியின் கேள்வியில் பார்க்கலாம்.

கலப்படக் கள்ளை எப்படிப் பிடிப்பது?

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் தாராளமாகப் பனங்கள்ளு என்று ஒருவர் விற்றால், எந்த மரத்தில் இறக்கியது என்று கேளுங்கள்.

பிறகு போத்தலைப் பாருங்கள். நல்ல கள்ளு அரிசி கழுவின தண்ணீர்போல மங்கல் வெள்ளை. நுரை சிறிதாக, தொடர்ந்து வரும். வடிக்க முன் பார்த்தால் தேனீ, எறும்பு மிதக்கும். அது குற்றமில்லை, மரத்தில் இருந்து வந்ததற்குச் சாட்சி. சீனிக் கரைசலைப் புளிக்கவைத்த கள்ளு கண்ணாடிபோலத் தெளிவாகவோ, மாக்கரைத்ததுபோலத் தடிப்பாகவோ இருக்கும். முதல் வாயில் வெறும் சீனி இனிப்பு, தொண்டையில் ஒன்றும் தங்காது. ஒரு பிளாவுக்கே கண் செருகி நித்திரை தூக்கினால் குளிசை (மாத்திரை) கலந்திருக்கலாம். அந்த இடத்தில் அடுத்த பிளா எடுக்க வேண்டாம், தனியே வீட்டுக்குப் போகவும் வேண்டாம்.

போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோனால் வெடிக்குமா?

வெடிக்கும். புளிக்கிற கள்ளு கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்கினால் அழுத்தம் கண்ணாடியை உடைக்கும். போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் விட வேண்டாம். மூடியைத் தளரப் பூட்டுங்கள், அல்லது ஓலைத் துண்டைச் சுருட்டி அடையுங்கள். வெயிலில், காரின் பின்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி புளிப்பைத் தாமதிக்கும், நிறுத்தாது. கடையில் விற்கும் அடைத்த கள்ளு வெடிக்காததற்குக் காரணம், அதைச் சூடாக்கி மதுவத்தைக் கொன்றுவிட்டு அடைத்திருப்பதுதான். சுவையில் பாதி அந்தச் சூட்டோடு போய்விடுகிறது.

கொஞ்சம் மிஞ்சினால் அப்பமாவுக்கு விடுங்கள். இரண்டு கோப்பை அரிசிமாவுக்கு அரைக் கோப்பை உடன்கள்ளு போதும். இரவு கரைத்து வைத்தால் விடியப் பொங்கியிருக்கும். மதுசாரம் தாச்சிச் சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடும்.

கள்ளோடு என்ன சாப்பிடுவது?

குடிக்கும்போது தொட்டுக்கொள்ளும் தீனிக்கு இங்கே பைற்ஸ் என்று பெயர், அப்படியே கேளுங்கள். கணவாய்ப் பொரியல், நண்டு, சுறாவறை, இறைச்சிப் பிரட்டல், ஒன்றும் இல்லாவிட்டால் அவித்த மரவள்ளியும் சம்பலும். வெறும் வயிற்றில் தொடங்காமல் இருந்தாலே அரைவாசிப் பிரச்சினை குறையும்.

ஏன் ஒருவரைப் பன்னாடை என்று ஏசுகிறார்கள்?

பனை மட்டையின் அடியிலும் தென்னையிலும் வலைபோல் நெய்து கிடக்கும் நார்த்துணி பன்னாடை. கள்ளை அதால்தான் வடிப்பார்கள். வடித்து முடியப் பாருங்கள்: நல்ல கள்ளு முழுவதும் கீழே போயிருக்கும், செத்த தேனீ, எறும்பு, சக்கை எல்லாம் பன்னாடையில் இருக்கும். நல்லதை விட்டுக் குப்பையைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏச்சு இல்லை. ஏசுகிறவர்களில் எத்தனைபேர் பன்னாடையைக் கண்ணால் கண்டிருப்பார்கள் என்பதுதான் கவலை.

இதே தொழிலில் பிறந்த பழமொழிகளும் உண்டு. “பனைக்குக் கீழை நிண்டு பாலைக் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவினம்” என்பது சேர்மானத்தைப் பற்றியது. “பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி” பட்ட காலிலே படுவது. “குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு” யாவரும் அறிந்தது. கள்ளுக் குடித்த குரங்கைத் தேளும் கொட்டி, பேயும் பிடித்தால் எப்படியிருக்கும் என்பது இன்னொன்று.

பனையில் முனி இருக்கிறாரா?

ஊர் நம்பிக்கையில் முனி ஆல், அரசு, புளி, பனை இவற்றை அண்டி இருப்பவர். காவலும் செய்வார், அடிக்கவும் அடிப்பார். யாழ்ப்பாண நகரில் கோட்டைக்குப் பக்கத்தில், முற்றவெளியில் இருக்கும் முனியப்பர் கோயிலைக் கடந்து போகாதவர் இல்லை. உச்சிப் பொழுதிலும் நடுச்சாமத்திலும் முனி “ஓடுகிற” வழியில் நிற்கக் கூடாது என்பார்கள்.

பனங்கூடலுக்குள் இரவில் நின்றால் இந்தக் கதை எப்படி வந்தது என்று காதுக்கு விளங்கும். காற்று இல்லாதபோதும் உயரத்தில் காவோலை மரத்தோடு உரசும். யாரோ பாய் இழுத்துக்கொண்டு நடக்கிறமாதிரி ஒரு சரசரப்பு. அது நின்று, திரும்பத் தொடங்கும். ஆவணியில் என்றால் பனங்காய் விழும் சத்தம் நெஞ்சில் அடிக்கும். மேலே இரண்டு கண் மினுங்கினால் அது மரநாய். முட்டிக்கள்ளைக் குடிக்க மரமேறுவதில் அதற்கு நிகர் இல்லை. வௌவாலும் வரும். மரத்தின் கீழே நிற்பவர் ஏற்கெனவே இரண்டு பிளா எடுத்தவர் என்றால் மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

ஆனாலும் இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. காவோலையும் பனங்காயும் 40, 50 அடி உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் ஆள் தப்புவது கடினம். இரவில் பனைக்குக் கீழே படுக்காதே என்று சொல்லக் கேளாதவன், முனி என்றால் கேட்டான்.

“முனி அடிச்சுப் போட்டுது” என்று ஒருவர் விழுந்தால் என்ன செய்வது?

பேய் பார்ப்பவரைக் கூப்பிட முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திடீரென விழுந்து, வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் இழுத்தால் அது பாரிசவாதம். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குச் செலவு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விழுந்தால் மாரடைப்பு என்றே எடுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் இரத்தச் சீனி விழுந்துவிடும், ஏனென்றால் ஈரல் மதுசாரத்தை உடைக்கிற வேலையில் சீனி விடுவதைக் குறைத்துவிடும். அவர் பிதற்றுவார், குளிர வேர்ப்பார், நடுங்குவார். பார்க்கிறவர்கள் வெறி என்பார்கள், வயதுபோனவர்கள் முனி என்பார்கள். நினைவு இருந்து விழுங்கக் கூடியவரானால் சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் விட வேண்டாம். அம்புலன்சுக்கு இலக்கம் 1990.

நூல் கட்டுவதும் திருநீறு போடுவதும் வீட்டாரின் மனதுக்கு. அதைப் பிறகும் செய்யலாம்.

தரவையில் (வெட்டவெளிப் புல்தரையில்) தெரியும் கொள்ளிவாய்ப் பேய்?

வாயில் நெருப்போடு தாழப் பறந்து போகும் என்பார்கள். தரவைக்கு அந்தப்பக்கத்துப் பனையில் விடியமுன் ஏறுகிறவரின் வெளிச்சமும், கடனீரேரியில் இரவில் மீன், இறால் பிடிப்பவரின் விளக்கும் தூரத்தில் மேலும் கீழுமாக அசைவதைப் பாருங்கள்; கதையில் வரும் நெருப்பு அப்படியே தெரியும். மிளகாயும் கரித்துண்டும் இரும்பாணியும் இல்லாமல் இரவில் பொரியல், இறைச்சி கொண்டுபோகக் கூடாது என்பதும் இந்தக் கதைக் குடும்பம்தான். பைற்ஸ் பார்சலோடு நடுச்சாமத்தில் நடப்பவருக்குப் பின்னால் உண்மையிலே வருவது தெருநாய்கள். கையில் ஒரு தடி இருக்கட்டும்.

சந்தியில் சாராயமும் சுருட்டும் தேசிக்காயும் கிடக்கிறது. தொடலாமா?

தொட வேண்டாம். அது கழிப்பு. நோய், பயம், செய்வினை என்று நினைப்பதை ஒருவர் மேலிருந்து இறக்கி, நாற்சந்தியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது வழக்கம். நம்பாதவரும் மிதிப்பதில்லை, இன்னொருவரின் துயரம் அது. மிச்சச் சாராயம் இருக்கிறதே என்று எடுத்துக் குடிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: திறந்த போத்தலில் என்ன விழுந்தது, யார் என்ன விட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது.

முனி, அண்ணமார் போன்ற காவல் தெய்வங்களுக்கு மடை வைக்கும்போது கள்ளும் சாராயமும் சுருட்டும் வைப்பது வேறு. அது பகிர்ந்து உண்ணும் படையல். செத்தவீட்டின் எட்டாம் நாளுக்குரிய எட்டுச்செலவில், இறந்தவர் விரும்பிய மீன், இறைச்சி, பலகாரத்தோடு அவர் குடிப்பவரானால் ஒரு போத்தலும் வைப்பார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் போத்தலுக்காக அவரோடு சண்டைபிடித்த மனைவியே அதை வாங்குவித்துப் படைப்பதைப் பார்த்தவர்களுக்கு, படையலில் எது பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

கசிப்பைப் பற்றிச் சொல்கிற கதைகள் உண்மையா?

ஒளித்து வடிக்கும் சாராயம் கசிப்பு. அதற்குப் புளிக்கவைக்கும் ஊறல் கோடா. பல்லி விழுந்தது, பாம்பு விழுந்தது, பற்றறி போட்டார்கள், யூரியா போட்டார்கள் என்று கதைகள் வரும். பீப்பா திறந்து கிடந்தால் பல்லி விழத்தான் செய்யும். ஆளைக் கொல்வது அதுவல்ல. வடிகலமாகப் பழைய வாகன றேடியேற்றரைப் பூட்டினால் ஈயம் கரைந்து வரும். அதைவிடக் கொடியது, வீரியம் ஏற்றவென்று கலக்கும் தொழிற்சாலை ஸ்பிரிட். அதில் மெத்தனோல் என்ற நச்சு மதுசாரம் இருந்தால், சுத்த மெத்தனோலாக 10 மில்லிலீற்றர் அளவே கண்பார்வையைப் பறிக்கக் கூடும்.

“நெருப்பு வைச்சுப் பார், நீலமா எரிஞ்சா நல்ல சாமான்” என்பது கொல்லக் கூடிய பொய். குடிக்கிற மதுசாரமான எதனோலும் நீலமாக எரியும், மெத்தனோலும் நீலமாக எரியும். மணத்தில், நிறத்தில், சுவையில் பிரித்தறிய வழியே இல்லை.

குடித்த உடனே ஒன்றும் தெரியாது; சாதாரண வெறிதான். 12 முதல் 24 மணித்தியாலம் கழித்து, வெறி முறிந்த பிறகு, தலையிடி, வயிற்றுநோ, சத்தி வரும். மூச்சு வேகமாகும். பார்வை பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல வெளிறும். உடல் மெத்தனோலைப் போர்மிக் அமிலமாக்கி, அது கண் நரம்பைத் தின்கிற நேரம் அது. “நேத்தைய தலையிடி, தேசிக்காய் குடி” என்று படுக்கவைத்தால் விடியும்போது கண் போயிருக்கும், சிலவேளை ஆளும் போயிருக்கும். உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோய், என்ன குடித்தார், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால் வேலை செய்யும். அவரோடு சேர்ந்து குடித்தவர்களையும் தேடிக் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு இன்னும் நோ தொடங்காவிட்டாலும்.

பனைக்கு முனியை வைத்துக் காத்த ஊர், கசிப்புக்கு ஒரு பேயையும் வைக்கவில்லை. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நேரடியாகத்தான் சொல்ல வேண்டும்.

வெறி முறிக்கத் தேசிக்காய், மோர், கோப்பி?

எதுவும் முறிக்காது. ஈரல் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் மதுசாரத்தைத்தான் உடைக்கும். ஒரு போத்தல் கள்ளில் இருப்பது ஏறக்குறைய 30 கிராம். கணக்கு உங்கள் கையில். கோப்பி குடித்தால் முழித்திருக்கும் வெறிக்காரர், தலையில் தண்ணீர் வார்த்தால் நனைந்த வெறிக்காரர். தண்ணீர், இளநீர், விடியப் பழந்தண்ணி, இவை தாகத்துக்கும் தலையிடிக்கும் நல்லவை.

அறிவு தப்பிக் கிடப்பவரை மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. சத்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேற்காலை மடித்து, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, பக்கத்தில் ஒருவர் இருங்கள். தட்டியும் கண் திறக்காவிட்டால், மூச்சு விட்டு விட்டு வந்தால், அது நித்திரையில்லை.

மரத்தால் விழுந்தவரைக் கண்டால்?

கை காலில் பிடித்துத் தூக்க வேண்டாம். இருத்தித் தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம். முள்ளந்தண்டு உடைந்திருந்தால், விழுந்ததில் போகாத கால் தூக்கியதில் போய்விடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 அழையுங்கள். அம்புலன்ஸ் வர வழியில்லை என்றால் கதவுப் பலகையில், நாலைந்துபேர் ஒரே நேரத்தில், உடலை வளைக்காமல் ஏற்றுங்கள்.

பிளாவுக்குப் பின்னால் சாதி இருந்ததா?

இருந்தது. ஒருமுறை குடித்து எறியும் கலம் என்பதால் பிளாவில் எவரும் குடிக்கலாம். ஆனால் அந்தக் கள்ளை இறக்கிக் கொடுத்தவருக்குத் தேத்தண்ணிக் கடையில் மூக்குப்பேணி (மூக்கு வைத்த உலோகக் குவளை) கொடுக்க மறுத்து, சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்த ஊர் இது. அவர் இறக்கின கள்ளில் இல்லாத தீட்டு, அவர் தொட்ட பேணியில் இருந்தது. 1960களில் தேத்தண்ணிக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் முன்னால் நடந்த போராட்டங்கள், 1968 மாவிட்டபுரம் உட்பட, அதை உடைக்கத்தான். 1970களின் முற்பகுதியில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளைக் கையில் எடுத்தபோது குத்தகைக்காரரின் பிடி தளர்ந்தது. பனை அபிவிருத்திச் சபை வந்தது 1978இல். வடமராட்சியில் திக்கம் வடிசாலையில் கள்ளு பனஞ்சாராயமானது. போர்க்காலத்தில் பங்கருக்காகத் தறித்த பனைகளின் இழப்பையும் முதலில் சுமந்தவர்கள் இந்தத் தொழிலாளர்தான். சீவல் தொழிலைக் குறிக்கும் சாதிப்பெயரை ஏச்சாகப் பாவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொற்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டோம்.

சட்டம்?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக் கூடாது. போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடைகள் பூட்டு. பெண்கள் மதுசாரம் வாங்குவதற்கு இருந்த தடை 2018 தையில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பப் போடப்பட்டது.

முதல் தடவை தவறணைக்குப் போகிறேன். எப்படி நடப்பது?

கள்ளு வந்து இறங்கும் நேரத்துக்குப் போங்கள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. “அண்ணை, உடன்கள்ளு இருக்கோ, பனையோ தென்னையோ?” என்று கேட்டால் போதும். போத்தலைக் குலுக்கச் சொல்லாதீர்கள், மண்டி கலங்கும். முதல் பிளாவை மணந்து, ஒரு வாய் குடித்து, பிடிக்காவிட்டால் சொல்லுங்கள். மாற்றிக் கொடுப்பது மரியாதைக் குறைவில்லை. வயதுபோனவர்கள் சிலர் விரல் நுனியால் இரண்டு சொட்டு நிலத்தில் தெளித்துவிட்டுக் குடிப்பார்கள், அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். போத்தலின் கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். அது மண்டி, குடித்தால் இரவு முழுக்க வயிறு பொருமும். பிளாவைத் தெருவில் எறியாமல் மூலையில் இருக்கிற குவியலில் போடுங்கள், பின்னேரம் ஆடுமாட்டுக்கு ஆகும்.